மேடு பள்ளத்தை அளந்து வெட்டுவது: சிஎன்சி ஹைட் மேப் குறிப்புகள்

கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கத்துக் கிரானைட் பட்டறையில் ஸ்லாப்பைச் சிஎன்சி மெஷினின் (கம்ப்யூட்டர் சொல்படி தானாக வெட்டும் மெஷின்) பெட்டில், அதாவது மேடையில், இறக்கியதும் கை தானாக ரசமட்டத்தைத் தேடும். குமிழி நடுவில் நின்றால் ஒரு திருப்தி. ஆனால் சிஎன்சிக்கு அந்தக் குமிழியால் பயன் எதுவும் இல்லை. ரசமட்டம் பூமியோடு ஒப்பிட்டுச் சொல்கிறது. டூலுக்குப் பூமி எந்தப் பக்கம் இருந்தால் என்ன? டூலைத் தாங்கி ஓடும் கேன்ட்ரியின் பாதைக்கும் கல்லின் மேல்பரப்புக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, இடத்துக்கு இடம் அது எவ்வளவு மாறுகிறது, இவ்வளவுதான் அதற்கு வேண்டும். ஹைட் மேப் என்பது, பரப்பை வரிசையாகப் பல புள்ளிகளில் தொட்டு எடுக்கும் அந்த இடைவெளியின் பட்டியல். டூல் போகும் உயரத்தை இடத்துக்கு இடம் திருத்த அது உதவும். அதைக் கல்லின் படம் என்று எடுத்துக்கொண்டால் பாதி இடங்களில் தப்பாகத்தான் புரிந்துகொள்வோம்.

பாலிஷ் போட்ட கறுப்புக் கல் பார்வைக்குக் கண்ணாடிதான். ஆனால் 20 மி.மீ என்று வரும் ஸ்லாப்பில் ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் தடிமன் அரை மி.மீ, சில சமயம் ஒரு மி.மீகூட வித்தியாசப்படும். மரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தேக்குப் பலகை வாங்கிய வாரம் ஒரு வளைவு, மழை பெய்த வாரம் வேறொரு வளைவு. ஆசாரிகள் ‘அரை நூல் தூக்கல்’ என்று சொல்லிவிட்டு இழைப்புளியைக் கையில் எடுத்துவிடுவார்கள். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, 3.175 மி.மீ. அரை நூல் என்றால் ஒன்றரை மி.மீக்கும் மேலே. வி பிட் (வி வடிவக் கூர்முனை) வைத்து எழுத்து வெட்டும்போது அவ்வளவு தூக்கல் இருந்தால் ஜாப் (வெட்டும் கல்லோ பலகையோ) குப்பைக்குத்தான்.

காரணம் எளிய கணக்கு. வி பிட்டில் ஆழத்தில் வரும் பிழை அகலத்தில் தெரியும். கோட்டின் அகலம் = முனையின் அகலம் + 2 × ஆழம் × டேன்(பிட் கோணத்தில் பாதி). ஆழம் 0.3 மி.மீ கூடினால் 90 டிகிரி பிட்டில் கோடு 0.6 மி.மீ தடிக்கும், 60 டிகிரியில் சுமார் 0.35, 30 டிகிரியில் 0.16. கோயில் உபயக் கல்லிலோ திறப்பு விழாக் கல்வெட்டிலோ ஒரு வரியின் தொடக்கத்தில் எழுத்து ஒல்லியாகவும் முடிவில் தடியாகவும் தெரிந்தால், ஃபான்ட்டையும் டிசைன் செய்தவரையும் குறை சொல்வதற்கு முன் இடது கோடியிலும் வலது கோடியிலும் உயரம் எவ்வளவு என்று பாருங்கள்.

பிசிபி, அதாவது காப்பர் பூசிய சர்க்யூட் போர்டு, வெட்டுபவர்களுக்கு இன்னும் இறுக்கம். காப்பர் தடிமன் 35 மைக்ரான். 0.1 மி.மீ முனையுள்ள 30 டிகிரி பிட் 0.1 மி.மீ ஆழத்தில் 0.154 மி.மீ அகலம் வெட்டும், 0.2 ஆழத்தில் 0.207. 0.1 ஆழத்துக்கு வைத்து ஓட்டும்போது போர்டு ஓரிடத்தில் 0.1 மி.மீ தாழ்ந்திருந்தால் அங்கே பிட் காப்பரைத் தொடவே தொடாது. ட்ராக்குகள் (காப்பர் பாதைகள்) ஒட்டியபடியே நிற்கும். 1.6 மி.மீ எஃப்ஆர்4 (கண்ணாடி இழை) போர்டை நாலு மூலையில் கிளாம்ப் செய்தால் நடுவில் இவ்வளவு தூக்குவது சர்வ சாதாரணம்.

மேப் தேவைப்படாத வேலைகளையும் இங்கேயே சொல்லிவிடலாம். மேப் பரப்பைத் தட்டையாக்காது. பரப்பு எப்படிப் போகிறதோ அப்படியே டூலையும் கூட்டிக்கொண்டு போகும். இன்னொரு பாகம் தட்டையாக உட்கார வேண்டிய பாக்கெட்டுக்கு மேப் போட்டால் பாக்கெட்டின் அடியும் மேடு பள்ளமாகத்தான் வரும். அதற்கு முதலில் ஃபேசிங் கட்டர் (முகத்தைத் தட்டையாகச் சீவும் கட்டர்) ஓட்டிச் சமன் செய்துவிட வேண்டும். அடிவரை வெட்டி வெளியே எடுக்கும் அவுட்லைனுக்கும் மேப் வேண்டாம். அங்கே கணக்கு பெட்டிலிருந்து, மேல்பரப்பிலிருந்து அல்ல. ஒரே ஃபைலில் எழுத்தும் அவுட்லைனும் இருந்தால் இரண்டாகப் பிரித்து, எழுத்துக்கு மட்டும் மேப் போடுங்கள். பித்தளை எழுத்து பதிக்கும் வேலைக்கு நேர் எதிர். பித்தளை மேல்பரப்போடு சமமாக நிற்க வேண்டும் என்பதால் மேப் போட்டே ஆக வேண்டும்.

தொடும் கருவி

மின்சாரம் கடத்தும் ஜாப் என்றால் எதுவும் வாங்க வேண்டாம். கன்ட்ரோலரின் ப்ரோப் (தொடுதலை உணரும்) பின்னிலிருந்து ஒரு வயர் போர்டுக்கு, கிரவுண்டிலிருந்து ஒரு வயர் முதலைக் கிளிப் வழியாகப் பிட்டுக்கு. அர்டுயினோ ஊனோவில் ஓடும் ஜிஆர்பிஎல் 1.1 கன்ட்ரோல் சாஃப்ட்வேரில் ப்ரோப் பின் ஏ5. பிட் காப்பரைத் தொட்டதும் பின் கிரவுண்டுக்கு இறங்கும். கிளிப்பைப் பிட்டிலேயே மாட்டுங்கள், பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் பாடியில் வேண்டாம். நடுவில் பேரிங் இருக்கிறது, அது ஒழுங்காகக் கடத்தும் என்று நம்ப முடியாது. ஸ்பிண்டில் ஓடத் தொடங்கும் முன் கிளிப்பைக் கழற்ற மறக்காதீர்கள்.

கல்லும் மரமும் கடத்தாது. ஸ்பிரிங் வைத்த டச் ப்ரோப் வேண்டும். இந்த வகை ப்ரோப்பை டேவிட் மெக்மர்ட்ரி 1972இல் கான்கார்ட் விமானத்தின் ஒலிம்பஸ் எஞ்சினிலிருந்த எரிபொருள் குழாய்களை அளப்பதற்காகச் செய்தார். அதை வைத்து 1973இல் தொடங்கியதுதான் ரெனிஷா. இன்று கிடைக்கும் மலிவான ப்ரோப்புகளிலும் ஏற்பாடு அதேதான்: மூன்று கம்பிகள் ஆறு குண்டுகள்மேல் உட்கார்ந்திருக்கும், முனை எதையாவது தொட்டால் ஒரு கம்பி எழும்பிச் சர்க்யூட் விடுபடும். சும்மா இருக்கும்போது சர்க்யூட் மூடியிருப்பதில் ஒரு பாதுகாப்பு உண்டு. வயர் அறுந்தாலும் ‘தொட்டுவிட்டேன்’ என்றே மெஷினுக்குத் தெரியும், ப்ரோப் கல்லில் குத்தி உடையாது. காப்பர் முறையில் வயர் அறுந்தால் பிட் நேராக இறங்கிக்கொண்டே போகும். ஜிஆர்பிஎல்லில் இந்த வகை ப்ரோப்புக்கு $6=1 (சிக்னலைத் தலைகீழாக்கும் செட்டிங்) போட வேண்டும். மாட்டியதும் கேள்விக்குறி அனுப்பி ஸ்டேட்டஸ் வரியைப் பாருங்கள். முனையை விரலால் தள்ளும்போது மட்டும் ‘பின்’ வரியில் ‘பி’ எழுத்து வர வேண்டும். தள்ளாமலே வந்தால் $6 தலைகீழாக இருக்கிறது. அப்படியே ஓட்டினால் அலாரம் 4 வரும்.

ஃப்ளேம் போட்ட கல்லில் முனையின் அளவு முக்கியம். தீயில் குவார்ட்ஸ் துகள்கள் வெடித்துத் தெறித்த குழிகள் அந்தப் பரப்பு முழுவதும் இருக்கும். 2 மி.மீ குண்டு ஒரு இடத்தில் குழிக்குள் இறங்கும், அடுத்த இடத்தில் முகட்டின் மேல் நிற்கும், மேப் முழுக்க முள்ளாக வரும். 6 மி.மீ குண்டு குழிகளின் மேல் பாலம் போட்டாற்போல உட்காரும். ஒவ்வொரு புள்ளியிலும் 2 மி.மீ தள்ளித் தள்ளி மூன்று முறை தொட்டு நடு எண்ணை எடுத்தால் இன்னும் நல்லது. சராசரி வேண்டாம். ஒரே ஒரு ஆழக் குழி சராசரியைக் கெடுத்துவிடும், நடு எண்ணை அதால் ஒன்றும் செய்ய முடியாது.

பெரிய குண்டுக்கு ஒரு விலை உண்டு. சரிவான பரப்பில் குண்டின் அடி தொடாது, பக்கவாட்டுதான் தொடும். அதனால் வரும் உயரப் பிழை = குண்டின் ஆரம் × (1/காஸ்(சரிவு) − 1). 6 மி.மீ குண்டு, 10 டிகிரி சரிவு என்றால் 0.046 மி.மீ. கல் ஸ்லாப்பில் ஒரு டிகிரி சரிவுகூட வராது, விட்டுவிடலாம். வளைத்துச் செதுக்கிய மரத்தின்மேல் மேப் எடுக்க நினைப்பவர்கள்தான் இதை மனதில் வைக்க வேண்டும்.

டச் ப்ரோப் இல்லாத பட்டறையில் கைவசம் உள்ள வழி, சமையலறை அலுமினியம் ஃபாயில். கல்லை ஈரமாக்கி ஃபாயிலை விரித்து, ரப்பர் வைப்பரால் நடுவிலிருந்து வெளிப்புறம் தள்ளித் தண்ணீரையும் காற்றையும் வெளியேற்றினால் ஒட்டிக்கொள்ளும். ஃபாயிலின் தடிமன் 0.02 மி.மீக்கும் குறைவு, அது எல்லா இடத்திலும் ஒன்றுதான் என்பதால் மேப்பைப் பாதிக்காது. சுருக்கமும் நீர்க்குமிழியும்தான் பாதிக்கும். கண்ணாடி மாதிரிப் பாலிஷ் போட்ட கல்லுக்கு இது நன்றாகவே வேலை செய்யும். ஃப்ளேம் கல்லுக்கு வேண்டாம்.

மேப்புக்கு முன் பத்துத் தடவை ஒரே இடம்

இதைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம், எனக்குப் புரியாத விஷயமும் இதுதான். ஒரே புள்ளியைப் பத்துத் தடவை தொடுங்கள். ஜிஆர்பிஎல்லில் ஒரு தடவைக்கு இவ்வளவுதான் (ஜி38.2 என்றால் தொடும்வரை இறங்கு, இசட் உயரம், எஃப் வேகம்):

ஜி21 ஜி90
ஜி38.2 இசட்-3 எஃப்100
ஜி91 ஜி0 இசட்1
ஜி90
ஜி38.2 இசட்-3 எஃப்20
ஜி0 இசட்3

முதல் தொடுதல் இடத்தைத் தேட, இரண்டாவது அளக்க. ஒவ்வொரு தொடுதலுக்கும் கன்ட்ரோலர் ‘பிஆர்பி’ என்று ஒரு வரி அனுப்பும். அதிலுள்ள எண்கள் மெஷின் கோஆர்டினேட்டில் (மெஷினின் தொடக்க இடத்திலிருந்து) இருக்கும், ஒர்க் கோஆர்டினேட்டில் (ஜாப்பின் ஜீரோவிலிருந்து) அல்ல. வரிக் கடைசியில் 1 என்றால் தொட்டது, 0 என்றால் தொடவில்லை. ஜி38.2 சொன்ன தூரத்துக்குள் எதையும் தொடாவிட்டால் அலாரம் 5 போட்டு நின்றுவிடும். அப்படி நிற்பதுதான் நல்லது. அலாரம் தொந்தரவாக இருக்கிறதே என்று ஜி38.3க்கு மாற்றாதீர்கள். அது தொடாமலே அடுத்த வரிக்குப் போய்விடும்.

பத்து எண்களில் பெரியதுக்கும் சிறியதுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். பிசிபிக்கு 0.01 மி.மீக்குள், கல்வெட்டு எழுத்துக்கு 0.03க்குள், மரத்துக்கு 0.05க்குள் இருந்தால் மேலே போகலாம். பிறகு இன்னொரு பத்து. இம்முறை ஒவ்வொரு தொடுதலுக்கும் நடுவில் டூலை 200 மி.மீ தள்ளிக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவாருங்கள். முதல் பத்து நன்றாக இருந்து இரண்டாவது பத்து சிதறினால் குற்றம் ப்ரோப்பில் இல்லை. கேன்ட்ரி வீலிலோ லீட் ஸ்க்ரூ நட்டிலோ தளர்வு இருக்கிறது. முதல் பத்தே சிதறினால் வேகத்தைக் குறையுங்கள், கிளிப்பைத் துடையுங்கள், ப்ரோப் வயரை ஸ்பிண்டில் கேபிளிலிருந்து தள்ளி வையுங்கள். தொடாமலே நடுக்காற்றில் ட்ரிகர் ஆனால் அது ஸ்பிண்டில் வேகத்தை மாற்றும் விஎஃப்டியின் மின் இரைச்சல். ஷீல்டு வயரும், ப்ரோப் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் போதும்.

வேகம் ஏன் முக்கியம்? நிமிடத்துக்கு 100 மி.மீ என்பது நொடிக்கு 1.67 மி.மீ. சிக்னல் 10 மில்லிநொடி தாமதமாக வந்தால் 0.017 மி.மீ பிழை. அதுவே 20 மி.மீ வேகத்தில் 0.003தான். தாமதம் எப்போதும் ஒரே அளவு இருந்தால் மேப்பில் தெரியாது. அது ஒவ்வொரு தடவையும் மாறுவதால்தான் சிக்கல்.

இசட் எவ்வளவு நுணுக்கமாக நகரும் என்பதையும் ஒருமுறை கணக்குப் போடுங்கள். 8 மி.மீ லீட் உள்ள டி8 ஸ்க்ரூ, 200 ஸ்டெப் மோட்டார், 16 மைக்ரோஸ்டெப் என்றால் மி.மீக்கு 400 ஸ்டெப். 5 மி.மீ லீட் பால் ஸ்க்ரூ என்றால் 640. இரண்டுமே போதும். நட்டில் ஆட்டம் இருந்தால் இந்த எண்களுக்கு அர்த்தம் கிடையாது.

எத்தனை புள்ளி

‘நெருக்கமாக எடுத்தால் துல்லியம்’ என்று நினைத்து 5 மி.மீக்கு ஒரு புள்ளி வைப்பவர்கள் இருக்கிறார்கள். 100 × 80 மி.மீ பிசிபியில் 10 மி.மீ இடைவெளி என்றால் 11 × 9, 99 புள்ளி. 5 மி.மீ என்றால் 21 × 17, 357 புள்ளி. புள்ளிக்கு எட்டு நொடி வைத்தால் முதலாவது 13 நிமிடம், இரண்டாவது முக்கால் மணி நேரத்துக்கும் மேல். அந்த முக்கால் மணியில் மெஷின் சூடாகி நகரும் அளவு, நெருக்கத்தால் கிடைத்த லாபத்தைத் தின்றுவிடும்.

இடைவெளியை வளைவு தீர்மானிக்கட்டும். 600 மி.மீ நீளப் பலகையில் நடுவில் 1 மி.மீ தூக்கல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வளைவின் ஆரம் = நீளம் × நீளம் / (8 × தூக்கல்) = 45,000 மி.மீ. இரண்டு புள்ளிகளை நேர்கோட்டால் இணைக்கும்போது நடுவில் விடுபடும் பிழை = இடைவெளி × இடைவெளி / (8 × ஆரம்). 50 மி.மீ இடைவெளிக்கு 0.007, 100க்கு 0.028, 150க்கு 0.0625. மர வேலைக்கு 100 மி.மீ தாராளம். 600 × 400 பரப்பில் அது 7 × 5, வெறும் 35 புள்ளி. கல்வெட்டுக்கு 50 மி.மீ வைத்தால் 13 × 9, 117 புள்ளி. புள்ளிக்குப் பத்து நொடி என்றால் இருபது நிமிடத்துக்குள் முடியும்.

மேப்பின் எல்லை டூல் போகும் இடத்தைவிடச் சுற்றிலும் 2, 3 மி.மீ பெரிதாக இருக்க வேண்டும். எல்லைக்கு வெளியே சாஃப்ட்வேர் ஊகிக்கத்தான் செய்யும், ஊகம் ஓரங்களில் ஆபத்தானது. ஆனால் எல்லை ஜாப்புக்கு வெளியேயும் போகக் கூடாது. ஓரப்புள்ளி ஸ்லாப்பின் சேம்ஃபரில் (சாய்த்து வெட்டிய விளிம்பில்) விழுந்தால் அந்த ஓரம் முழுக்கப் பள்ளமாகப் பதிவாகும். கிளாம்ப் நிற்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, புள்ளிக்குப் புள்ளி நகரும்போது இசட் கிளாம்பைத் தாண்டும் உயரத்தில் இருக்கும்படி வையுங்கள்.

ஜாப்பை வைக்கும் விதம்

மேப் இடைவெளியின் பட்டியல் என்றால், மேப் எடுத்த பிறகு ஜாப் நகரக் கூடாது, வளையக் கூடாது, அமுங்கவும் கூடாது. 20 மி.மீ கிரானைட் சதுர மீட்டருக்கு 55 முதல் 60 கிலோ வரும். 600 × 400 ஸ்லாப் 13, 14 கிலோ. ரப்பர் ஷீட்டின் மேல் வைத்தால் முதல் அரை மணி நேரம் அது மெதுவாக அமுங்கிக்கொண்டே இருக்கும். வைத்ததும் டயல் கேஜைத் தொடவைத்து, முள் நின்றபிறகு மேப் எடுங்கள். கிளாம்பை முதலில் முழுதாக முறுக்கிவிட வேண்டும். மேப் எடுத்த பிறகு ‘இன்னும் கொஞ்சம்’ என்று ஒரு போல்ட்டை முறுக்கினால் அந்த மேப் செத்தது. கிளாம்புக்கு நேர் கீழே தாங்கல் இருக்கட்டும். ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்து, இடைவெளி உள்ள இடத்தில் ஷிம் (மெல்லிய தகடு) கொடுங்கள். காற்றை உறிஞ்சிப் பிடிக்கும் வேக்யூம் டேபிள் என்றால் மேப் எடுக்கும்போதும் பம்ப் ஓட வேண்டும்.

பரப்பைத் துடைப்பது சின்ன விஷயம்போலத் தெரியும். காய்ந்த கல் சேறு ஒரு பொருக்காக ஒட்டியிருந்தால் அது மேடு என்றே பதிவாகும். காப்பரில் கைரேகை எண்ணெய், பச்சைக் களிம்பு இரண்டையும் ஸ்காட்ச் பிரைட்டால் தேய்த்து, ஐபிஏ (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) விட்டுத் துடையுங்கள். தண்ணீர் விட்டு வெட்டும் வேலை என்றாலும் மேப் எடுப்பது உலர்ந்த கல்லில்தான்.

மேப்பைப் படிப்பது

எண்கள் வந்ததும் நேரே ‘அப்ளை’ அழுத்தாமல் ஒரு நிமிடம் பாருங்கள். ஒரே திசையில் சீராக ஏறினால் சாய்வு. எதிரெதிர் மூலைகள் தூக்கியும் மற்ற இரண்டு தாழ்ந்தும் இருந்தால் முறுக்கு, பெரும்பாலும் கிளாம்ப் செய்த வேலை. ஒரே ஒரு புள்ளி மட்டும் தனியே எழும்பி நின்றால் தூசி, திரும்பத் தொடுங்கள். ஒன்று விட்டு ஒரு வரிசை உயர்ந்து தாழ்ந்து வந்தால், ப்ரோப் வளைந்து வளைந்து போகும் திசைக்கேற்பக் கேன்ட்ரி சற்று சாய்கிறது. எல்லா வரிசையையும் ஒரே திசையில் தொடும்படி மாற்றினால் மறைந்துவிடும். கடைசிப் புள்ளி முடிந்ததும் முதல் புள்ளியை இன்னொரு முறை தொடுங்கள். 0.03 மி.மீ மாறியிருந்தால் அந்த 0.03 மேப் முழுக்கச் சிறிது சிறிதாகப் பரவியிருக்கிறது என்று பொருள்.

சாய்வு ஜாப்புடையதா மெஷினுடையதா என்று தெரிய வேண்டுமா? ஜாப்பை 180 டிகிரி திருப்பி வைத்து மீண்டும் எடுங்கள். நடுப்புள்ளியை 0 என்று வைத்துக்கொண்டு முதல் தடவை இடது ஓரம் −0.08, வலது ஓரம் +0.26 என்று வந்ததாக வைப்போம். வலதிலிருந்து இடதைக் கழித்தால் 0.34. திருப்பியபின் இடது +0.06, வலது +0.12, வித்தியாசம் 0.06. இரண்டின் சராசரி 0.20, அது மெஷினின் சாய்வு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி 0.14, அது கல்லின் சாய்வு. நடுவில் பள்ளமோ மேடோ இருந்தால் இந்த வித்தை பலிக்காது, எந்தப் பக்கம் திருப்பினாலும் நடு நடுவிலேயேதான் இருக்கும். அதற்குத் தடிமன் சீரான ஒரு தட்டைக் குப்புறப் போட்டுப் பார்க்க வேண்டும். மேடு பள்ளமாக மாறினால் தட்டின் வளைவு, மாறாமல் நின்றால் கேன்ட்ரியின் தொய்வு.

சீரான ஆழத்தில் எழுத்து வெட்ட இந்தப் பிரிப்பே தேவையில்லை. தொட்டதும் வெட்டப்போவதும் அதே கேன்ட்ரி. அதன் தொய்வு இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதால் தானாகக் கழிந்துவிடும். ஆனால் மேப்பைக் காட்டி ‘இந்தக் கல் இவ்வளவு தட்டை’ என்று கஸ்டமருக்கு எழுதிக் கொடுக்க நினைத்தால் பிரித்தே ஆக வேண்டும். இன்னொன்று, ஸ்பிண்டில் சாய்ந்திருப்பது மேப்பில் தெரியவே தெரியாது. அதை ட்ராமிங் (ஸ்பிண்டில் பெட்டுக்குச் செங்குத்தா என்று சுற்றி அளப்பது) செய்துதான் பிடிக்க முடியும்.

டூல்பாத்துக்கு மாற்றுவது

கேன்டில், பிசிஎன்சி, யூஜிஎஸ் மூன்று சாஃப்ட்வேரிலும் மேப் எடுக்கவும் ஜிகோடில் (டூலுக்கான கட்டளை வரிகளில்) ஏற்றவும் வசதி உண்டு. உள்ளே நடப்பது பெரும்பாலும் இதுதான்: ஒரு கட்டத்தின் நாலு மூலை உயரத்தை வைத்து நடுவில் உள்ள புள்ளியின் உயரத்தைக் கணக்கிடுவது. கீழ் இடது 0.10, கீழ் வலது 0.30, மேல் இடது 0.20, மேல் வலது 0.60 என்று வைப்போம். புள்ளி அகலத்தில் கால் பங்கிலும் உயரத்தில் பாதியிலும் இருக்கிறது. கீழ் ஓரத்தில் 0.15, மேல் ஓரத்தில் 0.30, நடுவில் 0.225. அந்தப் புள்ளியின் இசட்டோடு இந்த 0.225ஐக் கூட்ட வேண்டும். பைக்யூபிக் என்ற வளைகோட்டு முறை வளைவை இன்னும் வழவழப்பாக்கும், ஆனால் தூசிப் புள்ளி ஒன்று இருந்தால் அதைச் சுற்றி இல்லாத பள்ளத்தையும் சேர்த்து உண்டாக்கும். அதனால்தான் முள்ளை முதலில் களைய வேண்டும்.

நீளக் கோடுகளைத் துண்டாக்குவது மறக்கக் கூடாத படி. எக்ஸ்0இலிருந்து எக்ஸ்300 வரை ஒரே ஜி1 (நேர்கோட்டு வெட்டு) வரி இருந்தால், இரண்டு முனைகளை மட்டும் திருத்தினால் நடுவில் டூல் நேராகவே போகும், நடு மேட்டை ஆழமாக வெட்டும். மேப் இடைவெளியில் நாலில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோ நீளத்துக்குத் துண்டாக்கினால் போதும். ஜி2, ஜி3 வளைவுகள் சின்னச் சின்ன நேர்கோடுகளாக மாற வேண்டும். 0.2 மி.மீக்கு ஒரு துண்டு என்றெல்லாம் போனால் ஃபைல் பெருத்து, ஜிஆர்பிஎல் திணறி, டூல் குலுங்கிக் குலுங்கி நகரும். டயமண்ட் பிட்டுக்குக் குலுக்கல் ஆகாது.

தவறுகளில் முதலிடம் இசட் ஜீரோவுக்குத்தான். மேப் எந்தப் புள்ளியை 0 என்று எடுத்ததோ அதே எக்ஸ், ஒய் இடத்தில்தான் பிட்டின் ஜீரோவும் செட் செய்ய வேண்டும். மேப்பில் +0.3 என்று உள்ள இடத்தில் பிட்டைத் தொடவைத்து ஜீரோ போட்டால் ஜாப் முழுக்க 0.3 மேலே தூக்கும். ஒரு பாஸுக்கு (ஒரு தடவை ஓட்டத்துக்கு) 0.2 மி.மீ வெட்டும் கல்வெட்டில் முதல் பாஸ் காற்றில் ஓடும். மாறாக −0.3 இடத்தில் போட்டால் முதல் பாஸே 0.5 மி.மீ இறங்கிப் பிட் முனை போய்விடும். பிட் மாற்றும் ஒவ்வொரு முறையும் அதே இடம். பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். டயல் கேஜையோ ப்ரோப்பையோ ஸ்பிண்டிலுக்குப் பக்கத்தில் பிராக்கெட்டில் மாட்டியிருந்தால், அந்த 40, 50 மி.மீ தள்ளலையும் மேப்பில் கழிக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் இல்லாமல் கையடக்க டிஎஸ்பி கன்ட்ரோலரில் ஓடும் மர ரவுட்டர்கள் தர்மபுரியிலும் உண்டு, கிருஷ்ணகிரியிலும் உண்டு. அவற்றுக்கும் மேப் போடலாம். 0.01 மி.மீ டயல் கேஜை ஸ்பிண்டிலில் பிடித்து, முள் ஒரு சுற்று அமுங்கும்படி இசட்டை நிறுத்தி, பிறகு இசட்டைத் தொடாமல் 100 மி.மீக்கு ஒரு புள்ளியாக ஜாக் செய்து 35 எண்ணையும் நோட்டில் எழுதுங்கள். நகரும்போது பிளஞ்சரை (கேஜின் தொடுகம்பியை) விரலால் தூக்கிப் பிடிக்க வேண்டும். எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, திருத்திய ஜிகோடைப் பென்டிரைவில் கொண்டுவந்தால் கன்ட்ரோலருக்கு அது சாதாரண ஃபைல்தான்.

ஓசூர் சிப்காட் பக்கம் விஎம்சியில் (உலோகம் வெட்டும் பெரிய சிஎன்சி) வார்ப்பு பாகம் ஃபேஸ் செய்பவர்களுக்கு வேறு பயன். ஃபானுக் கன்ட்ரோலரில் ஜி31 (தொட்டால் நிற்கும் கட்டளை) போட்டால் தொட்ட இடத்தின் இசட் #5063 என்ற வேரியபிளில் வரும். லினக்ஸ்சிஎன்சியிலும் ஜி38.2க்குப் பிறகு அதே #5063. ஒன்பது, பத்து இடங்களைத் தொட்டு மிகத் தாழ்ந்த புள்ளியைக் கண்டுபிடித்தால் முழு முகமும் சுத்தமாக எவ்வளவு எடுக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். மிக உயர்ந்த புள்ளி, முதல் பாஸை எங்கே தொடங்குவது என்று சொல்லும். அங்கே டூல்பாத்தை வளைக்கும் வேலையே இல்லை.

வெயில், கரண்ட்

அலுமினியம் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 23 மைக்ரான் நீளும், எஃகு 12. இசட் பிளேட் 200 மி.மீ அலுமினியம் என்றால் 10 டிகிரி ஏற்றத்துக்கு 0.046 மி.மீ. சித்திரை வெயிலில் ஷீட் கூரைக்குக் கீழே காலைக்கும் மதியத்துக்கும் பத்து டிகிரி ஏறுவது சாதாரணம், ஸ்பிண்டில் சூடு தனிக் கணக்கு. ஸ்பிண்டிலைப் பதினைந்து நிமிடம் சும்மா ஓட்டிவிட்டு மேப் எடுங்கள், எடுத்த கையோடு வெட்டுங்கள். பிசிபிக்கு இது அவசியம், மரத்துக்குத் தேவையில்லை. ஆனால் மரத்துக்கு ஒரு நாள் பழைய மேப் ஆகாது, ராத்திரி ஈரத்தில் பலகை வேறு வடிவத்துக்குப் போயிருக்கும்.

வெட்டும் நடுவில் கரண்ட் போனால் மேப் ஃபைல் அப்படியே இருக்கும். ஸ்டெப்பர் இடம்தான் தொலைந்திருக்கும். ஹோமிங் செய்து (ஸ்விட்சைத் தொட்டு மெஷினின் தொடக்க இடத்தைக் கண்டுபிடித்து), ஜீரோ புள்ளியையும் தூரத்து இரண்டு மூலைப் புள்ளிகளையும் தொட்டுப் பாருங்கள். தொடுவதற்கு வெட்டுப் படாத இடமாகத் தேர்ந்தெடுங்கள். மூன்றும் பழைய மேப்பிலிருந்து ஒரே அளவு மாறியிருந்தால் இசட் ஜீரோவை மட்டும் அந்த அளவுக்கு நகர்த்திவிட்டுத் தொடரலாம். மூன்றும் மூன்று விதமாக மாறியிருந்தால் கேன்ட்ரியின் ஒரு பக்கம் ஸ்டெப் விட்டிருக்கிறது, அல்லது கல் அசைந்திருக்கிறது. முதலில் கேன்ட்ரியை இரண்டு பக்க ஸ்டாப்பரிலும் இடித்துச் சதுரம் பார்த்துவிட்டுத்தான் புது மேப் எடுக்க வேண்டும்.